சேகரிப்புக் காப்பீட்டின் பிரீமியம் ஏறிக்கொண்டே போகிறதா? பாலிசியை விடும் முன் பட்டியலை எடுங்கள்

மூன்றாவது ஆண்டாகப் புதுப்பித்தல் கடிதம் வந்தபோது அதைப் பிரிக்கவே எனக்கு மனம் வரவில்லை. முதல் முறை கொஞ்சம் ஏறியது, கட்டிவிட்டேன். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் ஏறியது, முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன். மூன்றாவது கடிதத்தில் இருந்த தொகை, தொடக்கத்தில் கட்டியதைப் போல ஒன்றரை மடங்கு. நான் சேர்த்து வைத்திருப்பது பழைய மைப்பேனாக்கள். மொத்தம் 312. இருபத்தைந்து ஆண்டுகளாக ஒவ்வொன்றாகத் தேடித்தேடி வாங்கியவை. அன்று இரவு, இனி காப்பீடே வேண்டாம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மூன்று ஆண்டுக் கடிதங்களையும் மேசையில் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்தேன். ஏற்றத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அதில் பாதிக்கு மேல், நிறுவனத்துக்குக் கொடுத்த பேனாப் பட்டியலில் நானே எழுதி வைத்திருந்த எண்களின் வேலை. அவற்றைச் சரிசெய்த பிறகு, பாதுகாப்பில் எதையும் விடாமலே பிரீமியம் நன்றாக இறங்கியது. நீங்கள் சேர்ப்பது தபால்தலையோ, நாணயமோ, காமிக்ஸோ, இசைத்தட்டோ, விளையாட்டு அட்டையோ எதுவாக இருந்தாலும் இந்த வழி பொருந்தும். எனக்குத் தெரிந்தது பேனா என்பதால் உதாரணங்கள் அதிகமும் பேனாவாகவே வரும்.

முதலில் இரண்டு எண்களைப் பிரித்துப் பாருங்கள்

பிரீமியம் என்பது ஒரே எண் போலத் தெரியும். உள்ளே இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று, காப்பீட்டுத் தொகை: மொத்தச் சேகரிப்புக்கு நீங்கள் சொன்ன மதிப்பு. இன்னொன்று, விகிதம்: ஆயிரத்துக்கு இவ்வளவு என்று நிறுவனம் போடுவது. என் கடிதங்களில் முதல் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் இடையே விகிதம் ஆயிரத்துக்கு 8லிருந்து 9.6 ஆகியிருந்தது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம். காப்பீட்டுத் தொகையோ, முதல் ஆண்டில் 100 என்று வைத்துக்கொண்டால், 125 ஆகியிருந்தது. 1.2ஐ 1.25ஆல் பெருக்கினால் 1.5. ஒன்றரை மடங்கின் கணக்கு இதுதான்.

தொகை எப்படி 125 ஆனது? நான் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லையே! பாலிசியின் உள்பக்கத்தில் ஒரு ஷரத்து இருந்தது: ஒவ்வொரு புதுப்பித்தலிலும் காப்பீட்டுத் தொகை 12 சதவீதம் தானாகவே கூடும். விலைவாசி ஏற்றத்துக்கு ஈடுகொடுக்க வைக்கப்படும் நல்ல ஏற்பாடுதான் அது. ஆனால் பேனாக்களின் சந்தை விலை ஆண்டுதோறும் அப்படி ஒரே சீராக ஏறுவதில்லை. உங்கள் பாலிசியில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் அதை மாற்றவோ எடுத்துவிடவோ முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள்.

விகிதம் ஏறுவதற்குக் காரணங்கள் வேறு. அதில் நம் கை நீளாத பகுதி ஒன்று உண்டு. காப்பீட்டு நிறுவனங்களும் தங்களுக்கென்று காப்பீடு எடுக்கின்றன. அதற்கு மறுகாப்பீடு என்று பெயர். புயல், வெள்ளம், காட்டுத்தீ என்று இயற்கைப் பேரிடர்களால் உலகம் முழுக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் கொடுத்த இழப்பீடு 2021 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் 10,000 கோடி டாலரைத் தாண்டியது. அதனால் மறுகாப்பீடு விலையேறியது. அந்தச் சுமை படிப்படியாக இறங்கி, அலமாரியில் நாலு தட்டுப் பேனா வைத்திருப்பவர் வரை வந்து சேர்கிறது.

சேகரிப்புப் பொருள்களின் விலை எகிறியது இன்னொரு காரணம். 1952ஆம் ஆண்டு டாப்ஸ் நிறுவனம் அச்சிட்ட மிக்கி மேண்டில் பேஸ்பால் அட்டை ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. 1933ஆம் ஆண்டின் டபுள் ஈகிள் தங்க நாணயம் 2002இல் சுமார் 76 லட்சம் டாலருக்கும் 2021இல் ஏறக்குறைய 1.89 கோடி டாலருக்கும் விற்றது. இந்தச் செய்திகளைப் படிப்பது நாம் மட்டும் அல்ல. திருடுகிறவர்களும் படிக்கிறார்கள், விகிதம் போடுகிறவர்களும் படிக்கிறார்கள்.

மூன்றாவது காரணம் ஒரே இடத்தில் குவித்து வைப்பது. 2004 மே மாதம் லண்டனின் லெய்ட்டன் பகுதியில் கலைப்பொருள் கிடங்கு ஒன்று எரிந்தது. சார்லஸ் சாட்சி (Saatchi) என்ற கலைச் சேகரிப்பாளரின் சேகரிப்பிலிருந்து மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் ஒரே தீயில் போயின. வீட்டுச் சேகரிப்புக்கும் இதே கணக்குதான். எல்லாம் ஒரே அறையில், ஒரே பீரோவில் இருந்தால், ஒரு விபத்திலேயே முழுத் தொகையையும் கொடுக்க வேண்டிவரும் என்று நிறுவனம் கணக்கிடும். இந்த மூன்றாவது காரணத்தில் நாம் செய்யக்கூடியது நிறையவே இருக்கிறது.

என் பட்டியல் எப்படிக் கெட்டுப்போனது

பத்து ஆண்டுக்கு முன்பு நாங்கள் வெளியூர் போயிருந்த நேரத்தில், மேல்மாடிக் குளியலறைக் குழாய் உடைந்து தண்ணீர் சுவர் வழியே இறங்கி பேனா அலமாரியின் கீழ்த்தட்டில் தேங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் பார்த்தோம். பதினான்கு பேனாக்கள் ஊறிக் கிடந்தன. எபோனைட் என்ற கெட்டி ரப்பரில் செய்த கறுப்புப் பேனாக்கள் பழுப்பேறியிருந்தன. கேசீனில் செய்த ஒன்று உப்பிப்போய் மூடியே கழலவில்லை. கேசீன் பாலின் புரதத்திலிருந்து செய்வது, தண்ணீரைக் குடித்துவிடும். ஓர் அழகான செட்டில் பேனா தப்பியது, கூட இருந்த பென்சில் துருப்பிடித்துப் பாழானது.

சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்தார். பொறுமையான மனிதர். நனைந்த பேனாக்களைப் பார்த்துவிட்டு, "சார், இந்த வீட்டில் இருக்கிற மொத்தப் பேனாவும் எவ்வளவு பெறும்?" என்றார். நனையாததை ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. கணக்கு எளிதாக இருக்க, நான் சொன்ன தொகையை நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் நான் எழுதியிருந்தது அறுபது. பிரீமியம் குறையட்டும் என்று குறைத்து எழுதியிருந்தேன். சேதம் இருபது. கைக்கு வந்தது பன்னிரண்டு, அதிலும் நான் ஏற்க வேண்டிய முதல் பகுதி இரண்டு போய் பத்து.

இதற்குப் பெயர் சராசரி ஷரத்து. உண்மை மதிப்பில் அறுபது சதவீதத்துக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறீர்கள் என்றால், எந்தச் சேதத்திலும் அறுபது சதவீதம்தான் வரும், சேதம் சின்னதாக இருந்தாலும். பல பாலிசிகளில் இது உண்டு. பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அந்த அடிக்குப் பிறகு நான் நேர் எதிர்ப்பக்கம் ஓடினேன். இணையத்தில் யார் யாரோ கேட்கும் விலையைப் பார்த்து, அதில் மிக உயர்ந்ததை எடுத்து, ஒவ்வொரு பேனாவுக்கும் எழுதினேன். பயம்தான் காரணம். அந்தப் பயத்தின் மேல்தான் ஆண்டுக்கு 12 சதவீதம் ஏறிக்கொண்டிருந்தது.

கூட்டி எழுதினால் கூட்டிக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். சந்தை மதிப்பு அடிப்படையிலான பாலிசியில், இழப்பு நேர்ந்த அன்று பொருள் என்ன பெறுமோ அவ்வளவுதான் தருவார்கள். அதற்கு மேல் எழுதிய தொகைக்கு நீங்கள் கட்டிய பிரீமியம் வீண். விலை எப்போதும் ஏறும் என்பதும் இல்லை. உலகின் மிக அரிய தபால்தலைகளில் ஒன்றான 1856ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கயானா ஒரு சென்ட் மெஜந்தா 2014இல் சுமார் 95 லட்சம் டாலருக்கு விற்றது, 2021இல் சுமார் 83 லட்சத்துக்கு. அதுவே இறங்கும்போது நம்முடையது இறங்காதா?

ஒரு பொருளை எப்படி எழுதுவது

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள், மற்ற எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது. பண்பாட்டுப் பொருள்களை விவரிப்பதற்கென்று 'ஆப்ஜெக்ட் ஐடி' என்ற சர்வதேச முறை 1997இல் வந்தது. அமெரிக்காவின் கெட்டி (Getty) என்ற கலை அமைப்பு முன்னின்று உருவாக்கியது. பொருளின் வகை, எதனால் செய்தது, அளவு, அதன்மேல் உள்ள எழுத்தும் முத்திரையும், மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளம், காலம், செய்தவர், இப்படிச் சில கேள்விகள்தான். காவல்துறை, சுங்கம், அருங்காட்சியகம், காப்பீட்டு நிறுவனம் எல்லோருக்கும் இந்த முறை புரியும் என்பது இதன் பலம். இன்டர்போல் 2021இல் வெளியிட்ட 'ஐடி-ஆர்ட்' என்ற செயலியில் இதே முறையில் உங்கள் பொருள்களை நீங்களே பதிந்து வைக்கலாம். காசு கிடையாது.

என் 41ஆம் எண் பேனாவை எடுத்துக்கொள்கிறேன். பார்க்கர் வாக்குமாட்டிக். 1933இல் அறிமுகமான வகை, மெல்லிய வளையங்களை அடுக்கியது போன்ற கோடு போட்ட உடம்பு, செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் செய்தது. 'பழைய பார்க்கர் பேனா, கோடு போட்டது' என்று முன்பு எழுதியிருந்தேன். அப்படிப்பட்ட பேனா உலகத்தில் லட்சக்கணக்கில் இருக்கும். இப்போது எழுதியிருப்பது இப்படி: மூடியோடு நீளம் மில்லிமீட்டரில், உடம்பின் முத்திரை, அதன் ஓரத்தில் ஓர் இலக்கமும் புள்ளிகளும். செய்த ஆண்டையும் காலாண்டையும் சொல்லும் குறி அது. நிப்பின்மேல் உள்ள அம்பு, அதன் வலது முனையில் ஒரு கீறல். மூடியின் வளையத்தில் இரண்டு நெளிவு, கிளிப்புக்கு நேர் பின்னால் ஒன்று, அதற்கு இடப்புறம் ஒன்று. மூடியின் நுனியில் யாரோ பல்லால் கடித்த தடம். மை நிரப்பும் ரப்பர் சவ்வு மாற்றப்பட்டது, எந்த மாதம், யார் செய்தது, ரசீது எண்.

நான் கண்ணுக்கு லூப் என்ற சின்ன உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, எதிரே உட்கார்ந்து எழுதியவள் மகள். ஒரு பேனாவுக்கு இருபது நிமிடம் ஆனது. அந்தக் கடித்த தடம்தான் முக்கியம். களவு போய்க் கிடைத்தால், இது உங்களுடையதுதான் என்று நிரூபிப்பது பளபளப்பு அல்ல, குறைதான். அதனால் படமெடுக்கும்போது குறைகளுக்குக் கட்டாயம் ஒரு படம் எடுங்கள். முழுப் பொருள், முன்னும் பின்னும், எழுத்துகள், குறைகள், பக்கத்தில் ஓர் அளவுகோல். ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும், நேர் வெயில் வேண்டாம்.

நாணயம், அட்டை, காமிக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் எளிது. தரம் பார்த்து உறையிட்டுக் கொடுக்கும் நிறுவனங்களின் சான்று எண்ணையும் தர எண்ணையும் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாணயத்துக்கு 1 முதல் 70 வரை போடும் அளவு 1949இல் வில்லியம் ஷெல்டன் தொடங்கி வைத்தது. அதில் ஓரிரு எண் வித்தியாசம் விலையைப் பல மடங்கு மாற்றிவிடும், ஆகவே தர எண் இல்லாத மதிப்பை யாரும் நம்ப மாட்டார்கள்.

பட்டியலின் பிரதி ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். பேனாவோடு பட்டியலும் எரிந்தால் என்ன செய்வது?

மதிப்பு போடுவது, பிரிப்பது

கேட்கும் விலையை விடுங்கள். விற்றுமுடிந்த விலையைத் தேடுங்கள். ஏல நிறுவனங்கள் முடிவுகளை வெளியிடுகின்றன. இணையச் சந்தைகளில் விற்றவற்றை மட்டும் காட்டச் சொல்லலாம். ஒரே நிலையில் உள்ள மூன்று நான்கு விற்பனையைப் பார்த்து நடுவில் உள்ளதை எடுங்கள். அதன்மேல், மறுபடி வாங்க நேர்ந்தால் ஆகும் ஏலக் கட்டணம், அஞ்சல், சுங்க வரி சேர்த்து எழுதுங்கள். மாற்று வாங்கும் செலவு இதுதான், விற்றால் கிடைக்கும் விலை வேறு. பாலிசி எந்த அடிப்படையில் தருகிறது என்று பார்த்து அந்த விலையை எழுத வேண்டும்.

விலை கண்டுபிடிக்கவே முடியாத அரிய பொருளுக்கு ஒப்புக்கொண்ட மதிப்பு என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். முன்கூட்டியே இரு தரப்பும் ஒரு தொகைக்குக் கையெழுத்திட்டுவிடுவார்கள். பொருள் முழுதாகப் போனால் அந்தத் தொகை, பேரம் இல்லை. அதற்கு மதிப்பீட்டாளரின் சான்று கேட்பார்கள். மதிப்பின் சதவீதமாகக் கட்டணம் கேட்பவரிடமும், உங்கள் பொருளை வாங்கிக்கொள்ள ஆசைப்படுபவரிடமும் சான்று வாங்காதீர்கள். முன்னவருக்கு எண் பெரிதாக இருக்க வேண்டும், பின்னவருக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

மதிப்பு போட்டு முடித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. 312 பேனாக்களில் வெறும் 37 பேனாக்கள் மொத்த மதிப்பில் ஐந்தில் நாலு பங்கைச் சுமந்தன. அந்த 37ஐத் தனித்தனியாகப் பெயர் எழுதிக் காப்பீடு செய்தேன். அடுத்த 120ஐ மொத்தமாக ஒரே தொகைக்குள் சேர்த்தேன். இந்த மொத்தத் தொகுப்பில் ஒரு பொருளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும், அதைத் தாண்டும் எதையும் இதற்குள் போடக்கூடாது. மீதி 155 பேனாக்களைக் காப்பீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். போனால் வருத்தப்படுவேன், ஆனால் மாதச் செலவைச் சுருக்கி மறுபடி வாங்கிவிட முடியும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில பொருள்களை விட்டுவிட்டால் மறுபடி சராசரி ஷரத்தில் மாட்டுவோமா? பாலிசி 'பட்டியலில் உள்ள பொருள்கள் மட்டும்' என்று சொன்னால் மாட்ட மாட்டீர்கள். 'வீட்டில் உள்ள சேகரிப்பு முழுவதும்' என்று சொன்னால் மாட்டுவீர்கள். இந்த ஒரு சொற்றொடரை எனக்காக மாற்றி எழுதித்தர இரண்டு வாரம் ஆனது. காத்திருந்து வாங்கினேன்.

அப்பாவின் பேனா ஒன்று என்னிடம் இருக்கிறது. சந்தையில் ஒன்றும் பெறாது. அது போனால் எந்தத் தொகையும் அதைத் திருப்பித் தராது, ஆகவே அதற்குக் காப்பீடு இல்லை. அதற்கு நான் செய்தது, தண்ணீரும் வெயிலும் எட்டாத இடத்தில் வைத்தது.

வைக்கும் இடம் விகிதத்தை மாற்றும்

காப்பீடு திடீரென்று நேரும் இழப்புக்குத்தான். பொருளின் இயல்பிலேயே இருக்கும் கேடு, மெல்ல மெல்ல மங்குவது, பூச்சி அரிப்பது, ஈரத்தில் பூஞ்சை பிடிப்பது ஆகியவற்றைப் பெரும்பாலான பாலிசிகள் விலக்கி வைத்திருக்கும். பேனாக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். பழைய செல்லுலாய்டு தானாகவே சிதையத் தொடங்கும். அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்துப் பேனாவின் உலோகத்தைக் கறுக்கவைக்கும், பக்கத்துச் செல்லுலாய்டையும் கெடுக்கும். காற்றுப் புகாத பெட்டியில் போட்டு மூடினால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் ரப்பர் பை கந்தக ஆவி விடும், வெளிர் நிறங்கள் பழுப்பேறும். எபோனைட்டுக்கு வெளிச்சம் ஆகாது. இவற்றில் எதற்கும் க்ளைம் வராது. நாணயக்காரர்களுக்குப் பிவிசி உறை இப்படித்தான்: ஆண்டுக்கணக்கில் பச்சைப் பிசுக்கு படிந்து உலோகத்தை அரிக்கும். பாலியெஸ்டர், பாலிப்ரோப்பிலீன் உறைகளுக்கு மாறிவிடுங்கள்.

தீத்தாங்கும் பெட்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. காகிதத்துக்கென்று தரச்சான்று பெற்ற பெட்டி, உள்ளே சுமார் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். காகிதம் தாங்கும். செல்லுலாய்டும், ஃபிலிமும், வினைல் இசைத்தட்டும் தாங்காது. இன்னொன்று, அந்தப் பெட்டிகளின் சுவருக்குள் அடைத்திருக்கும் பொருளில் நீர் கலந்திருக்கும், தீயில் அதுதான் ஆவியாகி வெப்பத்தைக் குறைக்கிறது. சாதாரண நாளில் அதே ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். சிலிக்கா ஜெல் போட்டு மாதம் ஒருமுறை மாற்றாவிட்டால் தபால்தலையின் பசை ஒட்டிக்கொள்ளும், வெள்ளி கறுக்கும்.

நான் செய்தது இவ்வளவுதான். 37இல் பாதியை வேறு இடத்துப் பாதுகாப்புப் பெட்டகத்துக்கு மாற்றினேன். ஒரே தீயில் எல்லாம் போகாது என்றானதும் விகிதம் குறைந்தது. அலமாரியைக் குழாய் ஓடாத சுவருக்கு நகர்த்தினேன், கீழ்த்தட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தினேன். தண்ணீர் பட்டால் கத்தும் சின்னக் கருவி ஒன்றைக் கீழே வைத்தேன். இதையெல்லாம் படமெடுத்து, புதுப்பித்தலுக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பினேன்.

அனுப்பும்போது கவனம்: செய்யாததைச் செய்வதாக எழுதாதீர்கள். 'அலாரம் எப்போதும் இயங்கும்' என்று எழுதிப் பிரீமியத்தில் தள்ளுபடி வாங்கிவிட்டு, களவு நடந்த அன்று அதை அணைத்து வைத்திருந்தால் க்ளைமே நிராகரிக்கப்படலாம். 'வீட்டில் ஆள் இல்லாத இரவுகளில் இயக்குவேன்' என்பது உண்மை என்றால் அப்படியே எழுதுங்கள்.

நாமே ஏற்கும் தொகையைக் கூட்டுவது

எந்த இழப்பிலும் முதல் பகுதி நம்முடையது. அந்தப் பகுதியைக் கூட்டிக்கொண்டால் பிரீமியம் இறங்கும். எவ்வளவு கூட்டலாம்? நாளைக்கே எடுத்துக் கொடுக்க முடிகிற தொகை எதுவோ அதுவரை. மொத்த மதிப்பை நூறு என்று வைத்த அதே கணக்கில், நான் இரண்டை ஐந்தாக்கினேன், மிச்சமான பிரீமியத்தை ஒரு தனிக் கணக்கில் போட்டு வருகிறேன். சின்னச் சேதத்துக்கு அங்கிருந்து எடுப்பேன். ஒரு நிப் வளைந்ததற்கெல்லாம் க்ளைம் போட்டால், அந்தத் தொகையை அடுத்த சில ஆண்டுகளில் விகித ஏற்றமாக நாமே திருப்பிக் கட்டுவோம்.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை

பதிலை வாயால் வாங்காதீர்கள், மின்னஞ்சலில் வாங்குங்கள். செட்டில் ஒன்று மட்டும் போனால் முழுச் செட்டுக்கும் தருவார்களா, போனதற்கு மட்டுமா? என் பென்சிலுக்கு மட்டும்தான் தந்தார்கள், தனியாக நின்ற பேனாவின் மதிப்பு சரிந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பழுதுபார்த்த பிறகு மதிப்பு குறைந்தால் அந்தக் குறைவும் சேருமா? புதிதாக வாங்கியதை எத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும்? எப்படிப் போனது என்றே தெரியாமல் காணாமல் போனால் உண்டா? ஆளில்லாத காரில் வைத்திருந்து போனால்? அஞ்சலில் அனுப்பும்போது, சேகரிப்பாளர் சந்திப்புகளுக்கு எடுத்துப் போகும்போது? இந்தக் கடைசி இரண்டை ஆண்டு முழுவதற்கும் வாங்கியிருந்தேன். ஆண்டில் இரண்டு முறைதான் எடுத்துப் போகிறேன் என்பதால், அந்த நாள்களுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளும்படி மாற்றினேன்.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: தொகையை வாங்கிய பிறகு பொருள் கிடைத்தால் யாருக்குச் சொந்தம்? முழு இழப்பீடு கொடுத்த நிறுவனத்துக்கே பொதுவாக அது போகும். நடிகர் நிக்கோலஸ் கேஜ் 1997இல் 1,50,000 டாலருக்கு வாங்கிய ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் 2000இல் களவு போனது. 2011இல் ஒரு வாடகைச் சேமிப்பறையில் கிடைத்து, அதே ஆண்டு ஏலத்தில் 21 லட்சம் டாலருக்கு மேல் போனது. பதினோரு ஆண்டில் விலை அப்படி மாறும் என்றால், பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்குப் பாலிசியிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். கேட்டால் சேர்ப்பார்கள். எனக்குச் சேர்த்தார்கள், கூடுதல் பிரீமியம் இல்லாமல்.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதானால், புதிய பாலிசி கையில் வரும்வரை பழையதை நிறுத்தாதீர்கள். பழைய க்ளைம்களைக் கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் பாலிசியே செல்லாமல் போகலாம். நான் மூன்று இடத்தில் விலை கேட்டேன், கடைசியில் பழைய இடத்திலேயே தங்கினேன். ஒழுங்கான பட்டியலைப் பார்த்ததும் அவர்களே இறங்கி வந்தார்கள். முதல் ஆண்டுப் பிரீமியத்தை 100 என்று வைத்தால், மூன்றாம் ஆண்டுக் கடிதத்தில் 150 கேட்டவர்கள் கடைசியில் 109க்கு ஒத்துக்கொண்டார்கள். 37 பேனாக்களும் இப்போது உண்மையான விலைக்கு, முழுப் பாதுகாப்போடு இருக்கின்றன.

ஈராண்டுக்கு ஒருமுறை அந்த 37இன் விலையை மட்டும் திரும்பப் பார்க்கிறேன். ஒரு வார இறுதி போதும். பட்டியல் எங்கே இருக்கிறது, பெட்டகத்தின் சாவி யாரிடம், எந்தப் பேனாவை யாரிடம் காட்டி விலை கேட்க வேண்டும் என்பதெல்லாம் மகளுக்குத் தெரியும். போன வாரம் அவள் முழுவதையும் சரிபார்த்துவிட்டு, 14ஆம் எண் பேனாவின் நிப் படம் மங்கலாக இருக்கிறது, எழுத்தே படிக்க முடியவில்லை என்றாள். வரும் ஞாயிறு காலை, வெயில் ஏறும் முன் அதை மறுபடி எடுக்கப் போகிறோம்.